ஓட்டை வாளியும் ஒரு நேர்முகத் தேர்வும்

கீழ் வீட்டுப் பெண் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறி வந்து போனை என் மூக்கருகே நீட்டினாள். "அக்கா, வந்துருச்சு!" ஜாம் என்கிற நுழைவுத் தேர்வில் அவள் எடுத்த தரவரிசையைப் பார்த்து, இயற்பியல் ஒருங்கிணைந்த முனைவர் படிப்புக்கு (எம்.எஸ்சி.யும் பிஎச்.டி.யும் சேர்ந்தது) நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பதினேழு நாள் இருந்தது. மறு கையில் மூன்று தடி நோட்டுகள், நடுநடுவே மஞ்சள் ஒட்டுத்தாள்கள்.

"எதெல்லாம் படிக்கணும்னு ஒரு லிஸ்ட் போட்டுக் குடுங்கக்கா."

நான் திருச்சியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஒவ்வொரு மே மாதமும் யாராவது ஒரு பிள்ளை இதே கேள்வியோடு வந்து நிற்கும். எனக்கும் இதே கேள்விதான் இருந்தது, 2011-இல்.

"லிஸ்ட் அப்புறம் போடலாம். சாக்பீஸ் வச்சிருக்கியா?" என்றேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். பி.எஸ்சி. இயற்பியல் முடித்தவர்களுக்கு ஆராய்ச்சிப் பக்கம் போகச் சில வாசல்கள் இருக்கின்றன. பெங்களூரில் இந்திய அறிவியல் கழகம். 1909-இல் தொடங்கியது, சர் சி.வி. ராமன் 1933-இல் அதன் முதல் இந்திய இயக்குநராகப் போய் இயற்பியல் துறையையும் தொடங்கி வைத்தார். மும்பை கொலாபாவில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், 1945-இல் ஹோமி பாபா தொடங்கியது. நம் சென்னையிலேயே தரமணியில் கணித அறிவியல் நிறுவனம். அல்லாடி ராமகிருஷ்ணன் 1962-இல் அதைத் தொடங்கியபோது முதல் விழாவுக்கு வானியற்பியலாளர் எஸ். சந்திரசேகரே வந்திருந்தார். ஐ.டி. பார்க் பேருந்தில் தினமும் அந்த வாசலைத் தாண்டிப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது.

இந்த இடங்களுக்கு முதலில் எழுத்துத் தேர்வு. ஜாம், ஜெஸ்ட், டாட்டா நிறுவனத்தின் சொந்தத் தேர்வு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். ஜாம் என்றால் மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். அது சலிப்பதற்கு. சலித்து எடுத்தவர்களைக் கூப்பிட்டு ஒரு அறையில் உட்காரவைத்து, இல்லை, பெரும்பாலும் நிற்கவைத்து, பேசுகிறார்கள். மூன்று நான்கு பேராசிரியர்கள், ஒரு பலகை, அரை மணி நேரம் முன்னே பின்னே. கொரோனாவுக்குப் பிறகு சில இடங்களில் இணையவழியிலும் நடத்துகிறார்கள். வெள்ளைத்தாளையோ டேப்லெட்டையோ பலகையாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான். எழுத்துத் தேர்வுக்குப் பயிற்சி மையம் ஊருக்கு ஊர் இருக்கிறது. இந்த அரை மணி நேரத்துக்குத்தான் நம் பிள்ளைகள் வெறுங்கையோடு போகிறார்கள்.

நான் அப்படித்தான் போனேன். தரமணியா, பெங்களூரா, கொலாபாவா என்று சொல்லப்போவதில்லை. தப்பு என்னுடையது, இடத்தின் பெயர் எதற்கு?

எம்.எஸ்சி. கடைசி செமஸ்டர். அம்மா இஸ்திரி போட்டுக் கொடுத்த சுடிதார், மூத்த மாமாவின் ஃபைல். உள்ளே போனதும் கண்ணாடி போட்ட ஒருவர் சிரித்த முகத்தோடு, "உங்களுக்குப் பிடித்த பாடம் எது?" என்றார். குவாண்டம் இயக்கவியல் என்றேன். எனக்குப் பிடித்தது என்னவோ ஒளியியல். ஆனால் குவாண்டம் என்றால் கெத்தாக இருக்கும் என்று ஹாஸ்டலில் சொல்லிவைத்திருந்தார்கள்.

"சரி, ஹைட்ரஜன் அணு."

உள்ளுக்குள் துள்ளினேன். ஹைட்ரஜன் அணு என்றால் ஒன்பது பக்கம். கோள ஆயங்களில் ஷ்ரோடிங்கர் சமன்பாடு, மாறிகளைப் பிரிப்பது, லாகெர் பல்லுறுப்புக் கோவை என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன். சாக்பீஸை எடுத்து முதல் வரி எழுதத் தொடங்கியதும் அவர் கையைக் காட்டினார். "அதெல்லாம் வேண்டாம். சமன்பாட்டைத் தீர்க்காமல், நிச்சயமின்மைக் கொள்கையை மட்டும் வைத்து, அந்த எலக்ட்ரானின் குறைந்தபட்ச ஆற்றல் எவ்வளவு இருக்கும் என்று தோராயமாகச் சொல்ல முடியுமா?"

நிச்சயமின்மைக் கொள்கை எனக்குத் தெரியும்: ஒரு துகளின் இடம் எவ்வளவு துல்லியமாகிறதோ, அவ்வளவுக்கு அதன் உந்தம் நிச்சயமற்றதாகும். வரையறை கேட்டால் இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதுவேன். அதை வைத்து ஏதாவது செய்யலாம் என்பது மட்டும் தெரியாது. பலகையைப் பார்த்து நின்றேன். மின்விசிறிச் சத்தம் கேட்டது. இன்னொருவர் உதவிக்கு வந்து, "எலக்ட்ரானை ஒரு சின்ன இடத்துக்குள் அடைத்தால் அதன் உந்தம் என்ன ஆகும்?" என்று எடுத்துக் கொடுத்தார். பதில் நாக்கு நுனி வரை வந்தது. தப்பாகிவிட்டால் என்ன ஆகும் என்று விழுங்கிவிட்டேன். மூன்று நிமிடமோ நான்கு நிமிடமோ, அவ்வளவு நேரம் மனிதர்கள் நடுவே நான் வாய் மூடி நின்றது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. "நன்றி, நீங்கள் போகலாம்" என்றார்கள்.

பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து ஃபைலின் பின்னட்டையில் போட்டுப் பார்த்தேன். எலக்ட்ரானை எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு உந்தம் கூடும். இயக்க ஆற்றல் ஆரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் ஏறும். கருவின் ஈர்ப்பால் வரும் நிலை ஆற்றல் ஆரத்துக்கு எதிர்விகிதத்தில்தான் இறங்கும். ஒன்று தள்ளுகிறது, ஒன்று இழுக்கிறது, நடுவில் ஓரிடத்தில் இரண்டும் சமாதானமாகும். வகைக்கெழு எடுத்துப் பூச்சியத்துக்குச் சமப்படுத்தினால் ஆரம் 0.53 ஆங்ஸ்ட்ராம், ஆற்றல் மைனஸ் 13.6 எலக்ட்ரான்வோல்ட். நீல்ஸ் போர் பெயரில் பாடநூலில் வருகிற அதே போர் ஆரம்! ஆறு வரி. ஒன்பது பக்கம் மனப்பாடமாகத் தெரிந்த எனக்கு அந்த ஆறு வரி வரவில்லை. உண்மையில், வந்தது, வாயைத் திறக்காததுதான் பிரச்சினை.

நம் படிப்பில் தெரியாத நேரத்தில் பேசுவதற்கு இடமே கிடையாது. பத்து மதிப்பெண் டெரிவேஷன், ஐந்து மதிப்பெண் சிறுகுறிப்பு. செய்முறைத் தேர்வில் எக்ஸ்டர்னல் வந்து வைவா கேட்பார். தெரிந்தால் சொல்ல வேண்டும், தெரியாவிட்டால் தலையைக் குனிந்து "தெரியலை சார்". தலையைக் குனிவதுதான் மரியாதை. யோசித்துக்கொண்டே உளறினால் "என்ன உளர்ற" என்று ரெக்கார்ட் நோட்டால் தட்டு விழும். பதினாறு வருடம் இப்படிப் பழகிவிட்டு ஒரு நாள் திடீரென்று, 'உளறு, உளறுவதைத்தான் கேட்க வந்திருக்கிறோம்' என்கிற நான்கு பேர் முன்னால் போய் நின்றால் எப்படி வரும்?

ஆகவேதான் சாக்பீஸ்.

எங்கள் மொட்டை மாடி சிமென்ட் தரை. வெயில் இறங்கி, தரையில் கால் வைக்க முடிகிற ஆறு மணிக்கு மேல் வகுப்பு. முதல் நாள் விதி ஒன்றே ஒன்று போட்டேன்: பத்து விநாடிக்கு மேல் பேசாமல் இருக்கக் கூடாது. என்ன தோன்றுகிறதோ அதைச் சொல்ல வேண்டும். "ஒண்ணும் தோணலை" என்று சொன்னால்கூட, எதைத் தெரிந்தால் தோன்றும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

முதலில் வரைபடங்கள். எக்ஸ் வர்க்கத்தை மைனஸ் எக்ஸின் அடுக்குக்குறிச் சார்பால் பெருக்கினால் படம் எப்படி இருக்கும்? சைன் எக்ஸை எக்ஸால் வகுத்தால்? இதெல்லாம் பள்ளிக் கணக்கு என்று முகம் சுளித்தாள். போடச் சொன்னால் உடனே அட்டவணை போட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று மதிப்பு கண்டுபிடிக்கத் தொடங்கினாள். நிறுத்தினேன். பூச்சியத்துக்குப் பக்கத்தில் யார் ஜெயிக்கிறார்கள், வெகு தூரத்தில் யார் ஜெயிக்கிறார்கள், நடுவில் எத்தனை தடவை அச்சைத் தொடுகிறது, இவ்வளவையும் வாயால் சொல்லிக்கொண்டே கோட்டை இழுக்க வேண்டும். நான்காம் நாள் அவள் இழுத்த கோடுகளில் கோலம் போடுகிறவளின் கை தெரிந்தது. தயங்காத கை.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ ஒன்றைக் கவனித்தேன். ஒரு கணக்கில் சரியான விடையை எழுதியிருந்தாள். நான் சும்மா, "ஆர் யூ ஷ்யூர்?" என்றேன். ஒரு வார்த்தை பேசவில்லை. பாதத்தால் அந்த விடையை அழித்துவிட்டாள்.

"ஏன்டி அழிச்ச?"

"நீங்க கேட்டீங்களே..."

இதற்கு நான் தயாராக இல்லை. பெரியவர்கள் கேள்வி கேட்டால் நாம் தப்பு என்று அர்த்தம். அது அவளுக்குள் எலும்பு வரை போயிருந்தது. எனக்குள்ளும் இருந்ததுதான். நேர்முகத்தில் 'உறுதியாகச் சொல்கிறாயா?' என்பது சரியான விடைக்கும் வரும், தப்பான விடைக்கும் வரும். அது விடையைப் பற்றிய கேள்வி இல்லை, காரணத்தைச் சொல் என்கிற கேள்வி. அன்றிலிருந்து அவள் சொன்ன எல்லாவற்றுக்கும் "ஆர் யூ ஷ்யூர்?" போட்டேன். காபி குடிக்கிறியா, ஆமாக்கா, ஆர் யூ ஷ்யூர்? ஒரு வாரத்தில் அவள் அம்மாவே எரிச்சலாகிவிட்டார்கள். ஆனால் அழிப்பது நின்றது. "ஷ்யூர்தான்க்கா, ஏன்னா அலகு பாருங்க, மீட்டர்ல வருது" என்று எதிர்த்து நிற்கத் தொடங்கினாள்.

வாளிக் கதை இங்கேதான் வருகிறது.

மாடியில் ஒரு சின்டெக்ஸ் தொட்டி இருக்கிறது. அதைக் காட்டி, "இதுல அடியில ஒரு ஓட்டை போட்டா எவ்வளவு நேரத்துல காலியாகும்?" என்றேன். பெர்னூலி சமன்பாட்டை முழுசாக எழுதினாள். டோரிசெல்லி விதியும் தெரிந்தது: வெளியேறும் வேகம், உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. எழுதிவிட்டு, அவ்வளவுதானே என்பதுபோல் என்னைப் பார்த்தாள். எனக்கு நேரம் வேண்டும் என்றேன், நிமிடத்தில்.

தொட்டியில் ஓட்டை போட்டால் வீட்டுக்காரர் நம்மைக் காலி செய்துவிடுவார். அதனால் பெயின்ட் வாளி ஒன்றை எடுத்தோம். அவள் அம்மா துணி ஊறவைக்கிற இருபது லிட்டர் வாளி. கேட்டுவிட்டு எடுத்தோம் என்று சொல்ல முடியாது. எதிர் வீட்டு எலக்ட்ரீஷியன் தம்பியிடம் டிரில் வாங்கி, அடியில் 6 மில்லிமீட்டர் துளை. இரண்டு செங்கல் மேல் வாளி. உள்விட்டம் 28 சென்டிமீட்டர், தண்ணீர் 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு. மேலே கொஞ்சம் அகலம், கீழே கொஞ்சம் குறுகல், அதை விட்டுவிட்டோம்.

"தண்ணியைத் திறக்கிறதுக்கு முன்னால சொல்லு."

தொடக்க வேகம் விநாடிக்கு 2.4 மீட்டர். அதே வேகத்தில் போனால் நாலரை நிமிடம் என்றாள். சொன்ன வாயோடு அவளே, "இல்லக்கா, தண்ணி இறங்க இறங்க வேகம் குறையும். அதனால கூடுதலாகும்" என்றாள். எவ்வளவு கூடும்? தொகையிடல் போட உட்கார்ந்தாள். போடாமல் சொல்ல முடியுமா என்றேன். ஐந்து நிமிடம் தரையில் சுற்றிச் சுற்றி நடந்தாள், விதிப்படி வாயை மூடாமல். வேகம் உயரத்தின் வர்க்கமூலம்... மேலே எறிந்த பந்துக்கும் அப்படித்தானே... பந்தின் வேகம் நேரத்தோடு சீராகக் குறையும்... அப்படியானால் தண்ணீர் மட்டம் இறங்கும் வேகமும் சீராகக் குறைந்து கடைசியில் பூச்சியம்... சராசரி வேகம் பாதி... "ரெண்டு மடங்கு! ஒம்பது நிமிஷம்!"

அதைச் சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். தொகையிடல் போட்டாலும் அதேதான் வரும், ஒன்பது நிமிடம்.

திறந்தோம். போனில் ஸ்டாப்வாட்ச். ஐந்து நிமிடம், ஏழு நிமிடம், ஒன்பது நிமிடம். வாளியில் இன்னும் தண்ணீர் நின்றது. பத்து, பன்னிரண்டு. அவள் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. பதினான்கரை நிமிடத்தில் தாரை அறுந்து சொட்டத் தொடங்கியது.

"கணக்கு தப்பாக்கா?"

"ஆர் யூ ஷ்யூர்?"

முதலில் பாகுநிலை, அதாவது தண்ணீரின் உள் உராய்வு என்றாள். எல்லாரும் முதலில் அதைத்தான் குற்றம் சொல்வார்கள். ரெனால்ட்ஸ் எண் போடச் சொன்னேன்; அது பெரிதாக இருந்தால் ஓட்டத்தில் பாகுநிலையின் பங்கு சிறிது. பதினாலாயிரத்துக்கு மேல் வந்தது. தண்ணீரின் பாகுநிலை இந்த அளவில் இவ்வளவு பெரிய வித்தியாசம் செய்யாது. பிறகு குனிந்து, போன் டார்ச்சை அடித்து, துளைக்குக் கீழே தாரையைப் பார்த்தாள் (திரும்பவும் தண்ணீர் ஊற்றினோம், மாடி முழுக்க ஈரம்). "அக்கா, ஓட்டையைவிடத் தண்ணி ஒல்லியா இருக்கு." அதேதான். தண்ணீர் வாளியின் நாலா பக்கத்திலிருந்தும் துளையை நோக்கிச் சரிந்து வருகிறது. விளிம்பில் வந்து சட்டென்று நேராகத் திரும்ப முடியாது. உள்பக்கமாகவே கொஞ்சம் போய்ச் சுருங்கி, பிறகுதான் நேராகிறது. இப்படிக் கூர்மையான விளிம்புள்ள துளையில் தாரையின் குறுக்குப் பரப்பு துளையின் பரப்பில் 0.6-ஐ ஒட்டி இருக்கும். ஒன்பதைப் பதினான்கரையால் வகுத்தால் 0.62.

பாடநூலில் இந்த எண் இருக்கிறது. அவளும் பாஸ் செய்திருக்கிறாள். ஆனால் அன்றைக்குத்தான் அதை அவள் பார்த்தாள். இந்த ஒரு மாலை முடிந்ததும் எனக்குப் பாதிக் கவலை போய்விட்டது. மூன்று முறை விடையை மாற்றினாள், மூன்று முறையும் அவளே மாற்றினாள், ஒரு முறைகூட வாயை மூடவில்லை. கீழே இறங்கிப்போய் வாளியைப் பற்றி அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள் என்பது வேறு விஷயம்.

தோராயக் கணக்குகளை நான் விடாமல் கேட்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1945 ஜூலையில் நியூ மெக்சிகோவில் முதல் அணுகுண்டைச் சோதித்தபோது இயற்பியலாளர் என்ரிக்கோ ஃபெர்மி கையிலிருந்த காகிதத் துணுக்குகளைக் கீழே விட்டார். அதிர்வலை வந்தபோது அவை இரண்டரை மீட்டர் தள்ளிப்போய் விழுந்தன. அதை வைத்தே, பத்தாயிரம் டன் டிஎன்டி வெடிமருந்து அளவு என்று சொல்லிவிட்டார். குண்டை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். ஆனால் கையில் காகிதம் மட்டும் இருந்தாலும் ஒரு எண் சொல்லலாம் என்கிற தெம்பு இந்தப் பிள்ளைகளுக்கு வேண்டும். அவளிடம், பூமியின் காற்று மொத்தம் எவ்வளவு எடை என்றேன். கூகிளில் பார்க்கவா என்றாள். காற்றழுத்தம் தெரியும் இல்லையா? ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லட்சம் நியூட்டன், அதாவது பத்து டன் காற்று நம் தலைக்கு மேலே நிற்கிறது. பூமியின் பரப்பால் பெருக்கு. ஐந்தைப் போட்டு அதன் பின்னால் பதினெட்டுப் பூச்சியம், கிலோகிராமில். அரை நிமிட வேலை.

மொழி பற்றியும் கேட்டாள். பன்னிரண்டாவது வரை தமிழ் வழி. "இங்கிலீஷ்ல யோசிக்க வரலக்கா." யார் யோசிக்கச் சொன்னது? யோசிப்பது தமிழில் நடக்கட்டும். பலகையில் படமும் சமன்பாடும் இருக்கும்போது வாயில் வர வேண்டிய ஆங்கிலம் இருபது முப்பது துண்டுகள்தான். திஸ் இன்கிரீசஸ், திஸ் கோஸ் டு ஜீரோ, லெட் மீ செக் த யூனிட்ஸ், ஐ திங்க் ஐ மேட் எ மிஸ்டேக். கடைசியில் சொன்னது ரொம்ப முக்கியம். ஒவ்வொரு கணக்கையும் முதலில் தமிழில் பேசி முடித்துவிட்டு, அப்படியே இன்னொரு தடவை ஆங்கிலத்தில் பேச வைத்தேன். ஆங்கிலத்தில் பேசும்போது கை நடுங்குவது மூன்றாம் நாளோடு நின்றது.

பிடித்த பாடம் கேட்டால் பொதுச் சார்பியல் சொல்லட்டுமா என்றாள். யூடியூபில் பார்த்திருக்கிறாளாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது; ஹாஸ்டல் ஞாபகம். பிடித்த பாடம் என்பது நாம் திறந்துவிடுகிற கதவு. எந்த அறையில் விளக்கில்லாமலும் நடக்க முடியுமோ அந்த அறையைத் திறக்க வேண்டும். "உனக்கு இயக்கவியல். வெட்கப்படாமச் சொல்லு." கோடை விடுமுறையில் செய்த புராஜெக்ட்டும் அதே கதைதான். விண்ணப்பத்தில் எழுதிய ஒவ்வொரு சொல்லுக்கும் கேள்வி வரும். மென்பொருளை ஓட்டினேன், படம் வந்தது என்றால் போதாது, அந்தப் படம் ஏன் அப்படி வந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியாததை விண்ணப்பத்திலேயே எழுதாமல் விட்டிருக்கலாம். அதற்குக் காலம் கடந்துவிட்டதால் இரண்டு ராத்திரி உட்கார்ந்து தோண்டினோம்.

டிரெஸ், ஷூ, கைகுலுக்கல், 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்கிற கம்பெனி இன்டர்வியூ உபதேசங்கள் எல்லாம் அவளுக்கு வாட்ஸ்அப்பில் வந்து குவிந்தன. துவைத்த உடுப்பு போதும். இதற்குமேல் அதைப் பற்றி எழுத எதுவும் இல்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. இந்தப் பயிற்சி சில வீடுகளில் தானாக நடக்கிறது. நான் ஆராய்ச்சிக்குப் போன பிறகுதான் பார்த்தேன்: பேராசிரியர்களின் பிள்ளைகள் சாப்பாட்டு மேசையில் அப்பாவோடு வாதாடி, "அது தப்புப்பா" என்று சொல்லி வளர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நேர்முகம் இன்னொரு சாப்பாட்டு மேசை. கீழ் வீட்டில் அப்பா லாரி ஷெட்டில் கணக்கெழுதுகிறவர், தங்கமான மனிதர். அவரிடம் போய் "அது தப்புப்பா" என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. நேர்முகம் அறிவை மட்டும்தான் அளக்கிறது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். பேசிப் பழகிய வீட்டையும் சேர்த்துத்தான் அது அளக்கிறது. அதற்காக நேர்முகமே கூடாது என்றும் எனக்குச் சொல்ல வரவில்லை. எழுத்துத் தேர்வு எதை அளக்கிறது என்பதையும் பார்த்துவிட்டேன்.

கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு, என் கல்லூரி நண்பர்கள் இரண்டு பேரை வரச்சொல்லி மாடியில் நாற்காலி போட்டு ஒத்திகை. அதில் ஒருவர் வேண்டுமென்றே கொட்டாவி விட்டார். இன்னொருவர் குறுக்கே குறுக்கே பேசினார். அவள் கலங்கவில்லை. நடுவில் ஒரு தடவை, "சார், ஒரு நிமிஷம், இதை முடிச்சுட்டு உங்களுக்கு வரேன்" என்றாள். கொட்டாவி விட்டவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நான்கு நாள் கழித்து விடியற்காலை ரயிலில் வந்து இறங்கியவள், பையைக்கூட கீழே வைக்காமல் நேரே மாடிக்கு வந்துவிட்டாள்.

"சுரங்கம் கேட்டாங்கக்கா!"

பூமியின் மையம் வழியாக மறு பக்கம் வரை ஒரு சுரங்கம் தோண்டி, அதில் கல்லைப் போட்டால் எவ்வளவு நேரத்தில் மறு முனைக்கு வரும்? இது பழைய கேள்வி. உராய்வு இல்லை, பூமி முழுக்க ஒரே அடர்த்தி என்று வைத்துக்கொண்டால் 42 நிமிடம். அதை அவள் சொல்லிவிட்டாள். அடுத்து கேட்டிருக்கிறார்கள்: "சரி, மையம் வழியாக வேண்டாம். சென்னையிலிருந்து தில்லிக்கு நேர்கோட்டில் ஒரு சுரங்கம். இப்போது?"

சென்னைக்கும் தில்லிக்கும் ஆகாய வழியில் 1,760 கிலோமீட்டர் சொச்சம். நேர்கோடு போட்டால் நடுவில் 60 கிலோமீட்டர் ஆழத்தில் போகும். தூரம் குறைவு, அதனால் நேரம் குறைவு என்றிருக்கிறாள். "ஆர் யூ ஷ்யூர்?" வந்திருக்கிறது. ஆமாம் என்று அடித்துப் பேசியிருக்கிறாள், ஐந்து நிமிடம், முழுக்கத் தப்பாக. தன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று காட்ட விசையைக் கூறுபோட்டு எழுதியபோதுதான் கண்ணில் பட்டிருக்கிறது: சுரங்கத்தின் திசையில் இழுக்கும் விசை, நடுப்புள்ளியிலிருந்து உள்ள தூரத்துக்கு நேர் விகிதத்தில் இருக்கிறது, அதே மாறிலியோடு. ஊஞ்சலை அதிகம் இழுத்து விட்டாலும் கொஞ்சம் இழுத்து விட்டாலும் அதே நேரம்தான் எடுக்குமே, அந்த மாதிரி. தில்லிக்கும் 42 நிமிடம்தான். திருச்சியிலிருந்து சென்னைக்குத் தோண்டினாலும் 42 நிமிடம்தான்.

"நான் தப்புன்னு சொல்லிட்டு நானே அழிச்சேன்க்கா. கையால, காலால இல்ல."

நடுவில் வேகம் எவ்வளவு இருக்கும் என்றார்களாம். விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் சொச்சம் என்று மனக்கணக்காகச் சொல்லியிருக்கிறாள். கடைசியாக ஒருவர் கேட்டார்: "உண்மையான பூமியில் நடுவில் இரும்பு இருக்கிறதே, அங்கே அடர்த்தி ரொம்ப அதிகம். அப்போது இந்த 42 என்ன ஆகும்?" யோசிக்கத் தொடங்கினாள், நேரம் முடிந்துவிட்டது, அடுத்த பையன் கதவருகே வந்துவிட்டான்.

"ரிசல்ட் எப்ப?" என்றேன். "அது வரும்க்கா, ரெண்டு வாரம் ஆகும். அந்தக் கேள்வி என்ன ஆகும், சொல்லுங்க." சாக்பீஸை அவள்தான் எடுத்தாள்.

அந்தக் காலை வெயிலில் தரை சுட ஆரம்பிக்கும் வரை உட்கார்ந்தோம். நடுவில் கனம் கூடுதல் என்றால், உள்ளே இறங்கும்போது ஈர்ப்பு சீராகக் குறையாது. பாதி ஆழம் வரை ஏறக்குறைய மேலே இருக்கிற அளவிலேயே நிற்கும். அதனால் மையம் வழியாகப் போகிற கல் வேகமெடுத்து 38 நிமிடத்தில் போய்விடும். தில்லிச் சுரங்கமோ 60 கிலோமீட்டருக்குக் கீழே போவதே இல்லை. அதற்கு நடுவிலுள்ள இரும்பைப் பற்றித் தெரியவே வராது, 42-லேயே நிற்கும். அவள் இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு நிமிர்ந்தாள்.

"அப்ப தில்லிக்குப் போறதைவிட பூமிக்கு அந்தப் பக்கம் சீக்கிரம் போயிரலாமா?"

நமக்கு நேர் அந்தப் பக்கம் பசிபிக் பெருங்கடல்தான், பெரு நாட்டுக்கு மேற்கே, நடுக்கடலில். இறங்கினால் நீந்த வேண்டும் என்றேன். கீழிருந்து அவள் அம்மா, வந்த பிள்ளை பல்லுகூட விளக்கவில்லை என்று சத்தம் போட்டார்கள்.

இடம் கிடைத்துவிட்டது. ஆகஸ்டில் போனாள். இன்னோர் இடத்தில் எடுக்கவில்லை; அங்கே என்ன கேட்டார்கள் என்பது தனிக் கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன். வாளி மாடியில்தான் இருக்கிறது. ஓட்டையாகிப் போனதில் துணி ஊறவைக்க முடியாது என்று அவள் அம்மா அதில் மண்ணைக் கொட்டிக் கறிவேப்பிலை வைத்திருக்கிறார்கள். தண்ணீர் நன்றாக வடிகிறதாம்.